இகுவானாவுக்கு வெயிலும் ஒரு சாப்பாடுதான்

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு வயதுப் பச்சை இகுவானா என்ற வெளிநாட்டுப் பல்லி இருக்கிறது. சென்னையில் அடுக்குமாடி வீடு. கண்ணாடித் தொட்டியில், ஜன்னல் ஓரமாக, வெயில் படுகிற இடத்தில் வைத்திருக்கிறோம். வெள்ளரிக்காய், லெட்டூஸ், வாழைப்பழம், வாரத்துக்கு இரண்டு முறை வேகவைத்த முட்டை கொடுக்கிறோம். பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. விரல்கள் நடுங்குகின்றன. ஆனால் தொடை மட்டும் நன்றாகக் கொழுகொழுவென்று இருக்கிறது. தும்மினால் வெள்ளையாகத் தெறிக்கிறது. கால்சியம் பவுடர் வாங்கிவிட்டேன், எவ்வளவு போடலாம்? சளிக்கு என்ன மருந்து?

பதில்: பவுடரைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். நாளைக்கே ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். நாய், பூனை மட்டும் பார்ப்பவரிடம் போனால் ஒரு நாள் வீணாகும். தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள். விரல் நடுக்கம், பசியின்மை, வீங்கிய தொடை மூன்றும் ஒன்றாக வந்தால் பெரும்பாலும் அது எலும்பு கரைகிற நோய்தான். தொடையில் நீங்கள் பார்ப்பது சதையாக இருக்காது. எலும்பில் சுண்ணாம்புச் சத்து குறையக் குறைய, அது ஒடியாமல் தாங்கிக்கொள்ள உடம்பு அதைச் சுற்றி நார் போன்ற திசுவைக் கட்டிக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது புஷ்டியாகத் தெரியும். நானும் ஏமாந்திருக்கிறேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் என்னிடம் வந்த முதல் குட்டியின் காலைப் பார்த்து, "நல்லா வளருது" என்று வீட்டில் எல்லோரிடமும் காட்டிப் பெருமைப்பட்டேன். ஒரு வாரத்தில் அது ஏறிய கிளையிலிருந்து விழுந்து கால் ஒடிந்தது. அந்தக் கால் கடைசி வரை கோணல்தான்.

மருத்துவரிடம் போகும் வரை அதைத் தூக்கி விளையாட வேண்டாம். உயரமான கிளைகளை எடுத்துவிட்டுத் தரையோடு ஒரு கட்டை போடுங்கள். வாலைப் பிடிக்கவே கூடாது. நம் பல்லிபோல இதற்கும் வால் கழன்று வரும். மெதுவாகக் கீழ்த்தாடையைத் தொட்டுப் பாருங்கள். ரப்பர் மாதிரி வளைந்தால் நோய் முற்றியிருக்கிறது என்று அர்த்தம், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து ஊசியா, வாய்வழி மருந்தா என்பதை அவர் முடிவு செய்யட்டும். வீட்டில் இருக்கிற மனிதர்களுக்கான கால்சியம் மாத்திரையை உடைத்துப் போடுகிற வேலை வேண்டாம். தேறும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும்.

சரி, இது ஏன் வந்தது? "வெயில் படுகிற இடம்" என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அங்கேதான் கோளாறு. கண்ணாடி வழியாக வெளிச்சம் வரும், சூடு வரும். வெயிலில் உள்ள யூவி-பி என்ற புற ஊதாக் கதிர் வராது. இகுவானாவின் தோலில் உள்ள ஒரு கொழுப்புப் பொருளின்மேல் அந்தக் கதிர் பட்டால்தான் வைட்டமின் டி3-க்கு முந்தைய வடிவம் உண்டாகும். அது முழு டி3 ஆக மாற உடம்பு சூடாக இருக்க வேண்டும். பிறகு கல்லீரல், சிறுநீரகம் இரண்டிலும் கைமாறி, கடைசியில் குடலுக்குப் போய், "தின்ற சுண்ணாம்பை உள்ளே வாங்கு" என்று சொல்கிறது. இந்தச் சங்கிலியில் முதல் கண்ணி உங்கள் ஜன்னல் கண்ணாடியிலேயே அறுந்துவிட்டது. இப்போது நீங்கள் டப்பா டப்பாவாகக் கால்சியம் கொட்டினாலும் பெரும்பகுதி கழிவோடு போய்விடும். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் தசையும் வேலை செய்யாது என்பதால், உடம்பு தன் எலும்பையே கரைத்து எடுத்துக்கொள்கிறது. தாடை மெத்தென்று ஆவதும், விரல் நடுங்குவதும் அதனால்தான்.

நம் ஊரில் இது நடப்பதுதான் எனக்கு ஆற்றாமை. குளிர் நாடுகளில் இகுவானா வளர்க்கிறவர்கள் வெயிலை விலைக்கு வாங்குகிறார்கள். குழல் விளக்கு, ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆனதும் மாற்று விளக்கு, கதிரை அளக்கிற கருவி என்று செலவு செய்கிறார்கள். நமக்கு மொட்டை மாடியில் சும்மா கிடைக்கிறது. வாரத்தில் நான்கைந்து நாள், காலை எட்டரையிலிருந்து பத்துக்குள், அரை மணியோ முக்கால் மணியோ நேரடி வெயில் போதும். ஆறு மணி இளவெயில் நமக்கு இதமாக இருக்கும், ஆனால் யூவி-பி அதில் மிகக் குறைவு. உங்கள் நிழலைப் பாருங்கள்: நிழல் உங்களைவிட மிக நீளமாக இருந்தால் இன்னும் நேரமாகவில்லை. பால்கனியில் கொசுவலை அடித்திருந்தால் அதுவும் கொஞ்சம் கதிரைத் தின்றுவிடும், வலைக்கு வெளியே வையுங்கள்.

ஒன்றே ஒன்று, கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்துவிடாதீர்கள். சித்திரை வெயிலில் அது சில நிமிடங்களில் அடுப்பு. கம்பி வலைக் கூண்டு, அதில் பாதி நிழல், ஒரு கிண்ணம் தண்ணீர், பக்கத்தில் நீங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் போதும் என்று அர்த்தம், உடனே நிழலுக்கு. காக்காய்களும் சும்மா இருக்காது, கூண்டில்லாமல் தோளில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போன ஒருநாள் ஏழெட்டுக் காக்கைகள் என் தலையைச் சுற்றிப் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுப் பாட்டி வந்து, "உடும்பை வச்சுக்கிட்டு என்னப்பா பண்றே?" என்று கேட்டார்.

மாடிக்குப் போக வழியே இல்லையென்றால் விளக்குதான். ஊர்வனவுக்கென்று விற்கும் யூவி-பி குழல் விளக்கு வேண்டும். இகுவானா உட்காரும் இடத்துக்கு மேலே, விளக்கைப் பொறுத்து ஓரடியிலிருந்து ஒன்றரை அடிக்குள், நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இல்லாமல் இருக்க வேண்டும். தினம் 10 முதல் 12 மணி நேரம். சாதாரண எல்இடி, செடி வளர்க்கும் விளக்கு, நீல நிறத்தில் எரியும் அலங்கார விளக்கு எதிலும் அந்தக் கதிர் இல்லை. கடைக்காரர் இருக்கிறது என்று சத்தியம் செய்தாலும் பெட்டியில் அச்சடித்திருப்பதைப் படித்துப் பாருங்கள். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், கதிர் மட்டும் மாதங்கள் போகப் போகக் குறைந்துவிடும். அதனால் வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

இப்போது முட்டைக்கு வருவோம். அந்தப் பாட்டி சொன்னதில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. இகுவானாவுக்குச் சொந்தம் என்று நமக்குத் தெரிந்த உடும்பும் ஓணானும் நம்மைத் தவறான வழியில் இழுத்துவிடுகின்றன. உடும்பு முட்டையும் எலியும் கறியும் தின்னும். வேலி ஓணான் பூச்சி பிடிக்கும். பச்சை இகுவானா மெக்ஸிகோவிலிருந்து பிரேசில் வரை ஆற்றோர மரங்களின் உச்சியில் வாழ்கிற பிராணி. பிறந்ததிலிருந்து கடைசி வரை அதற்கு இலைதான் உணவு. அதன் பெருங்குடலில் அறை அறையாகத் தடுப்புகள் இருக்கின்றன. அங்கே தங்கியிருக்கும் நுண்ணுயிர்கள் இலையை நொதிக்க வைத்துச் சத்தாக்கிக் கொடுக்கின்றன. குதிரை, முயல் வயிற்றில் நடக்கிற அதே வேலை. பனாமா காடுகளில் 1980-களில் செய்த ஆய்வில், முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள் பெரிய இகுவானாக்களின் எச்சத்தைத் தேடித் தின்று அந்த நுண்ணுயிர்களைப் பெறுகின்றன என்று கண்டார்கள். குட்டிக்குப் புழு பூச்சி வேண்டும் என்று இன்னமும் விற்கும் கடைகளில் சொல்வார்கள். அது பழைய கதை. முன்பு நாய்த்தீனி போடலாம் என்றுகூட எழுதிவந்தார்கள்; அப்படி வளர்ந்தவை முதல் இரண்டு வருடம் கிடுகிடுவென்று பெருத்து, ஐந்தாறு வயதில் சிறுநீரகம் கெட்டு, மூட்டில் யூரிக் அமிலம் படிந்து செத்தன. முட்டையை இன்றோடு நிறுத்துங்கள். ஒழுங்காக வளர்த்தால் 15, 20 வருடம் வாழக்கூடிய உயிர் இது.

வெள்ளரிக்காயும் லெட்டூஸும் பெரும்பாலும் தண்ணீர். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய உணவு அட்டவணையைப் பாருங்கள்: 100 கிராம் வெள்ளரியில் கால்சியம் 10 மில்லிகிராம், பாஸ்பரஸ் 25. வாழைப்பழத்தில் 17-க்கு 36. இகுவானாவுக்குத் தேவை நேர் எதிர்: பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் இரண்டு பங்கு இருக்க வேண்டும். பாஸ்பரஸ் மிஞ்சினால் கால்சியத்தை அது பிடித்துக்கொள்ளும். அதே அட்டவணையில் முருங்கைக்கீரை 440-க்கு 70. அகத்திக்கீரை 1130-க்கு 80! வெளிநாட்டுப் புத்தகங்களில் "காலர்ட்", "டேன்டலியன்" என்று அந்த ஊர்க் கீரைப் பெயர்களைப் படித்துவிட்டு, அது கிடைக்கவில்லையே என்று சூப்பர் மார்க்கெட்டில் லெட்டூஸ் வாங்குகிறோம். தெருமுனைக் கீரைக்காரம்மாவின் கூடையில் அதைவிட நல்லது இரண்டு இருக்கிறது.

ஆனால் அந்தக் கூடையில் எல்லாமே நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். இங்கேதான் நம் ஊர் ஆட்கள் அதிகம் சறுக்குகிறார்கள். அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை எல்லாம் ஒரே குடும்பம், ஆக்சலேட் அதிகம். பாலக், கொடிப்பசலை, பருப்புக்கீரை, சக்கரவர்த்திக்கீரை, பீட்ரூட் இலையும் அப்படித்தான். ஆக்சலேட் குடலிலேயே கால்சியத்தைக் கட்டிப்போட்டு வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும். புளிச்சக்கீரையும் வேண்டாம். அட்டவணையில் கால்சியம் எண் பெரிதாக இருந்தாலும் இகுவானாவின் எலும்புக்குப் போய்ச் சேராது. நாம் கீரையை வேகவைத்துப் பருப்போடு கடைந்து சாப்பிடுகிறோம். அது பச்சையாக, தினமும், அதை மட்டுமே தின்கிறது. மாதத்தில் ஒருநாள் ஒரு கைப்பிடி போனால் ஒன்றும் ஆகாது. தினசரிச் சாப்பாடாக வேண்டாம். முட்டைகோஸ், காலிஃபிளவர் இலையை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள், அதிகமானால் தைராய்டைத் தொந்தரவு செய்யும்.

என் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். தட்டில் முக்கால் பங்கு இலை. அடிப்படை செம்பருத்தி இலையும் மல்பெரி இலையும். இரண்டும் தொட்டியில் வளரும், வெட்ட வெட்டத் தழைக்கும். கூடவே முருங்கை. அகத்தியும் முருங்கையும் புரதம் கொஞ்சம் கூடுதலான இலைகள். அதனால் வளர்கிற குட்டிக்குத் தாராளமாகவும், வளர்ந்ததற்கு வாரத்தில் மூன்று நாள் அளவாகவும் கொடுக்கிறேன். வெந்தயக்கீரை, பரங்கிக்கொடியின் இளந்தளிர் கிடைத்தால் சேர்ப்பேன். மீதிக் கால் பங்கில் துருவிய பரங்கிக்காய், பீன்ஸ், சுரைக்காய், கொஞ்சம் கேரட். பழம் ஒரு ஸ்பூனுக்கு மேல் கிடையாது: பப்பாளி, அத்தி, சீசனில் மாம்பழம். செம்பருத்திப் பூவைப் பார்த்தால் எங்கள் வீட்டு ஆள் கிளையிலிருந்து இறங்கி ஓடிவரும். பூக்கடை ரோஜாவைப் போடாதீர்கள், பூச்சி மருந்து அடித்தது. கீரையையும் தண்ணீரில் நன்றாக அலசி, உதறாமல் ஈரத்தோடு வையுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைத் திரும்பியே பார்க்காத இகுவானாவுக்கு அந்த ஈரம்தான் பெரிய நீர்வரத்து. இது மெல்லத் தெரியாத பிராணி, கத்தரித்த மாதிரி கடித்து அப்படியே விழுங்கும். குட்டிக்குப் பொடியாக நறுக்கிக் கொடுங்கள்.

நீங்கள் வாங்கிய பவுடருக்கு இப்போது வரலாம். லேபிளில் பாஸ்பரஸ் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெறும் கால்சியம் கார்பனேட் என்றால், மருத்துவர் சொல்லும் அளவு முடிந்த பிறகு, வளரும் குட்டிக்கு வாரம் நான்கைந்து நாள் கீரைமேல் ஒரு சிட்டிகை தூவினால் போதும். டி3 கலந்த பவுடரை நம்பி வெயிலை விட்டுவிடக் கூடாது. வாய் வழியாகப் போகும் டி3-ஐ நம்பி இகுவானாவை வளர்க்க முடியாது, அதன் உடம்பு வெயிலுக்குப் பழகியது.

பால்கனியில் திரிய விடுவீர்கள் என்றால் தொட்டிச் செடிகளை ஒருமுறை பாருங்கள். அரளி இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள், சில இலைகளே உயிரை எடுக்கும். ஊமத்தை, எருக்கு, குரோட்டன், மணி பிளான்ட் எதுவும் அதன் வாய்க்கு எட்டக் கூடாது. சமையலறையிலிருந்து அவகாடோவும் வேண்டாம்.

அடுத்தது சூடு. வெயில் காயும் கிளையில் 35 முதல் 38 டிகிரி, கூண்டின் மற்ற பகுதியில் 27-லிருந்து 31, இரவில் 24-க்குக் கீழே போகாமல் இருந்தால் நல்லது. வயிற்றிலிருக்கும் நுண்ணுயிர்கள் இந்தச் சூட்டில்தான் வேலை செய்யும். குளிர்ந்த வயிற்றில் கீரை அப்படியே கிடந்து ஊசிப்போகும். அதனால் காலையில் வெயிலோ விளக்கோ காய்ந்து ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பாடு வையுங்கள், இரவுச் சாப்பாடு வேண்டாம். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் வளர்த்தவர்கள் விட்டுவிட்டதிலிருந்து பெருகி ஊரெல்லாம் இகுவானா. 2020 ஜனவரிக் குளிரில், மரத்திலிருந்து இகுவானாக்கள் விழலாம் என்று மயாமி வானிலை அலுவலகமே எச்சரித்தது. குளிரில் விறைத்துப்போய் விழுந்தவற்றில் பல, வெயில் ஏறியதும் எழுந்து போய்விடும். நம் ஊரில் அந்தக் குளிர் இல்லை, ஆனால் ஏசி இருக்கிறது. உங்கள் படுக்கையறையில் தொட்டி இருந்தால் இரவு முழுவதும் அது குளிரிலும் வறண்ட காற்றிலும் கிடக்கிறது. வேறு அறைக்கு மாற்றுங்கள். சூடேற்றும் கல் என்று ஒன்று விற்பார்கள், வாங்க வேண்டாம். வயிறு வெந்து புண்ணாகும் வரை இகுவானா அதன்மேலேயே படுத்திருக்கும்.

தொட்டியும் மாற வேண்டும். நன்றாக வளர்ந்தால் வாலோடு ஐந்தடி, ஆறடி நீளம், நான்கைந்து கிலோ எடை. ஆறடி நீளம், ஆறடி உயரம், மூன்றடி அகலத்தில் கூண்டு வேண்டும், குறுக்கே தடித்த கிளைகளோடு. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதை என்று என் மனைவி சொல்வது இந்தக் கூண்டைப் பார்த்துத்தான். கீழே மணல், மரத்தூள் வேண்டாம், தின்று குடல் அடைத்துக்கொள்ளும், செய்தித்தாள் போதும். ஈரப்பதம் சென்னையில் பிரச்சினையில்லை. கையைத் தலைக்கு மேலிருந்து கொண்டுபோகாதீர்கள். உச்சந்தலையில் ஒரு சின்ன மூன்றாம் கண் இருக்கிறது, நிழல் விழுந்தால் பருந்து என்று பதறும். பக்கவாட்டிலிருந்து வாருங்கள்.

உங்களுடையது பெண்ணாக இருந்தால், இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் ஆண் துணை இல்லாமலேயே முட்டை வைக்கலாம். அதற்குத் தோண்ட ஈர மண் நிரப்பிய ஒரு பெட்டி இல்லையென்றால் முட்டைகள் உள்ளேயே தங்கி ஆபத்தாகும். ஆணாக இருந்தால் வருடத்தில் சில வாரம் ஆரஞ்சு நிறம் ஏறி, தலையை ஆட்டி, உங்களையே போட்டிக்கு வந்தவனாக நினைத்துக் கடிக்க வரும். கோபித்துக்கொள்ளாதீர்கள், தள்ளி இருங்கள்.

வீட்டில் சின்னக் குழந்தையோ, வயதானவர்களோ, கர்ப்பிணியோ இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. நலமான இகுவானாவின் எச்சத்திலும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அதன் தட்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். அப்புறம் பதிவுக் காகிதம். பச்சை இகுவானா, காட்டு உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2022-இல் திருத்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 2024 பிப்ரவரியில் வந்த விதிகளும் இந்த மாதிரி வெளிநாட்டு உயிர்களை வைத்திருப்பவர்கள் பரிவேஷ் என்ற அரசு இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. ரசீது இல்லாமல் வாங்கியிருந்தால் ஒளித்து வைக்காமல் வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள். பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் திணித்துக் கொண்டுவந்த இகுவானாக்கள் சென்னை விமான நிலையத்தில் பிடிபட்ட செய்திகளைப் பார்த்திருப்பீர்கள். அப்படி வந்தவை வழியிலேயே பாதி உயிர் போய்த்தான் கடைக்கு வருகின்றன. உங்களுடையது எங்கிருந்து வந்தது என்பதை மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

கடைசியாக அந்தத் தும்மல். அது சளி இல்லை, உப்பு. உடம்பில் மிஞ்சும் உப்பை மூக்கருகே உள்ள சுரப்பி வழியாகத் தும்மி வெளியேற்றுவது இகுவானாவின் வழக்கம். கண்ணாடியில் வெள்ளைப் பொடியாகக் காய்ந்திருப்பது அதுதான். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். மூக்கில் குமிழ் வந்தாலோ, வெயிலில் இல்லாதபோதும் வாயைத் திறந்தபடியே மூச்சு விட்டாலோ மட்டும்தான் அதை நுரையீரல் கோளாறாக நினைக்க வேண்டும். சளி மருந்து வேண்டாம்.